எல்லாவற்றையும் திருத்தவா

மணி பத்து. அந்தியூரிலிருந்து வருகிற பஸ் பத்தரைக்கெல்லாம் கோபி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்துவிடும், அங்கிருந்து நடை இருபது நிமிடம், மரகதம் ஆட்டோ பிடிக்கிற ஆள் இல்லை, ஆகவே பத்து ஐம்பது, காலில் வாதம் இருப்பதால் பதினொன்று என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு மணி நேரத்துக்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். என்ன முடிவு என்பதும் தெரிந்ததுதான், இரண்டில் ஒன்று: உன் புருஷன் எழுதிய கடைசி நாவலை நான் அழித்துவிட்டேன் அம்மிணி என்று சொல்வது, அல்லது சொல்லாமல் இருப்பது. பதினாறு நாளாக இதையே உருட்டிக்கொண்டிருக்கிறேன். குளிக்கும்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது, துவட்டும்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. எதிரில் திரை வெளிச்சமாக இருக்கிறது, அதில் குழந்தைவேலுவின் நாவல் திறந்தபடி கிடக்கிறது, நாவல் என்று சொல்லக்கூடாது, நாவல் இருந்த இடம். முந்நூற்றுப் பத்துப் பக்கத்துக்கு இங்கிலீஷ் எழுத்துகள், சேர்த்துப் படித்தால் எந்த அர்த்தமும் வராதவை. நடுநடுவே தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு சொற்களை நேற்று தனியாக எடுத்து எழுதிவைத்தேன். ‘வாசல்’, ‘அவள்’, ‘மழை இல்லை’. இப்படி நாற்பது சொல். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய.

ருக்மணி கதவோரம் வந்து எட்டிப் பார்க்கிறாள். “சட்டையப் போடுங்க, அவங்க வர்ற நேரமாச்சு. ரவை உப்புமா கிண்டட்டுமா?” என்று கேட்கிறாள். துக்கம் நடந்து மூன்று மாதம்தான் ஆகிறது, வருகிறவளுக்கு உப்புமா கொடுக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. கிண்டு என்கிறேன். இவளுக்கும் நான் சொல்லவில்லை. பதினாறு நாளில் ஒருவருக்கும் சொல்லவில்லை. நாற்பது வருஷமாகக் கதை எழுதுகிறவன், அடுத்தவன் மனசுக்குள் புகுந்து புறப்படுகிறவன் என்று அணிந்துரையில் எழுதுவார்கள், என் மனசுக்குள் நானே புக முடியாமல் வெளியே நின்றுகொண்டிருக்கிறேன். சட்டை எங்கே. நாற்காலியின் முதுகில்தான் இருக்கிறது. போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வியர்க்கிறது, மின்விசிறியை இரண்டிலிருந்து நான்குக்கு வைக்கிறேன், மேஜைமேல் இருந்த காகிதங்கள் பறக்கின்றன, எல்லாம் மென்பொருள்களைப் பற்றி நான் எழுதிவைத்த குறிப்புகள். எது அத்தியாயங்களைச் சீட்டுக்கட்டாக அடுக்கித் தரும், எது ஒரு நாளைக்கு எத்தனை சொல் எழுதினோம் என்று எண்ணிச் சொல்லும், எது மற்றதையெல்லாம் மறைத்துவிட்டு வெறும் வெள்ளைப் பக்கத்தை மட்டும் காட்டும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் வேறு போட்டிருக்கிறேன். பள்ளிக்கூட வாத்தியார்கூட இவ்வளவு சிரத்தையாகத் திருத்தமாட்டார்.

கேணயன் நான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். நான்கு வருஷமாக என் நாவல் ஏழாவது அத்தியாயத்தில் நிற்கிறது, நிற்பதற்குக் காரணம் எனக்கு எட்டாவது அத்தியாயம் தெரியவில்லை என்பது, அதை ஒப்புக்கொள்ள மனசு வராமல் ஒவ்வொரு வருஷமும் ஒரு கருவியின் தலையில் பழியைப் போட்டேன். முதலில் பேனா சரியில்லை என்றேன், மை பேனாவுக்குப் போனேன். அப்புறம் கோடு போட்ட தாள் என் வாக்கியத்தைக் குறுக்குகிறது என்று கோடில்லாத தாள். அப்புறம் கையெழுத்தே ஆகாது, கணினிதான் வேகம் என்று கணினி. அதிலும் பழைய தட்டச்சு முறை நினைப்பைத் தடுக்கிறது என்று இங்கிலீஷில் அடித்தால் தமிழில் விழுகிற முறை, அதிலும் திருப்தியில்லாமல் போனில் பேசி எழுதுவது. பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது, என் கதாநாயகி கிணற்றடியில் அழுவதைக் கேட்டு எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலையாரி மறுநாள் ஒரு மாதிரி பார்த்தார். கடைசியாகத்தான் இந்த மென்பொருள், வெளிநாட்டுக்காரன் கதாசிரியர்களுக்கென்றே செய்தது, முப்பது நாள் இலவசமாகப் பார்க்கலாம். இதில் எழுதினால் எட்டாவது அத்தியாயம் வந்துவிடும் என்று நம்பினேன். குழந்தைவேலுவிடம் இதெல்லாம் கிடையாது. அவன் நூற்பாலை ஆபீசில் கழித்துக் கட்டிய ஒரு கணினியை வாங்கிவந்து, இருபது வருஷமாக அதில் ஒரே எழுத்துருவில், ஒரே நாற்காலியில் அடித்தான். மவுசின் வால் அறுந்து இரண்டு வருஷம் அது இல்லாமலே அடித்தான். ஆறு நாவல். என்னிடம் வந்து, “நாச்சிமுத்து, நீ சமையலுக்குப் பாத்திரம் வாங்கியே சாகப்போறே, எப்ப ஒலை வெக்கப்போறே?” என்று கேட்டான். சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் அது குத்திக்கொண்டே இருந்தது, இப்போதும் குத்துகிறது, செத்தவன்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள், நான் படுகிறேன்.

கோபமா பொறாமையா. பொறாமைதான், சொல்லிவிட்டால் என்ன. அந்தச் சின்னக் கறுப்புப் பென் டிரைவை அவன் என் கையில் வைத்தபோது வந்ததும் அதுதான். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் இரண்டாவது தடவை சேர்ப்பதற்கு முந்தின வாரம், வயிறு வீங்கி, கை மட்டும் குச்சியாக, அந்தியூரில் அவன் வீட்டுக் கட்டிலில். “இது ஒண்ணுதான் இருக்குது. படிச்சுப்போட்டுச் சொல்லு. உனக்குப் புடிச்சா அச்சுக்குக் குடு, இல்லீன்னா வாய்க்கால்ல போட்டுரு” என்றான். மரகதம் அப்போது சமையல் கட்டில் இருந்தாள், காதில் விழுந்திருக்கும். இந்த மூன்று மாதத்துக்குள் அவள் கணினியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டாள், அதில் என்ன இருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும், எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறதென்று நம்பினாள். நான் பென் டிரைவை வாங்கிவந்து மேஜை இழுப்பறைக்குள் போட்டேன். திறக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். அது நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் திறக்கவில்லை. பதினெட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தான், கேட்கவில்லை, கேட்கத் தெம்பில்லை, ஆனால் கேட்கிறான் என்று தெரிந்தது. நான் சொன்னேன், “படிச்சுட்டேன்டா. இதுவரைக்கும் நீ எழுதினதுலயே இதுதான்.” அவன் உதடு கொஞ்சம் விரிந்தது. நாலாம் நாள் போய்விட்டான். அந்த நிமிஷத்தில் அது பொய்யாகவே தோன்றவில்லை, முன்கூட்டியே சொல்லிவிட்ட உண்மை, நாளைக்குப் படித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நாளைக்கு நாளைக்கு என்று இரண்டரை மாதம்.

அப்புறம் திறந்தேன், ஆனால் படிக்கத் திறக்கவில்லை. இங்கேதான் வந்து வந்து மனசு முட்டுகிறது, இந்த இடத்தைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டேன் என்கிறது. அந்த மென்பொருளை இறக்கிய அன்று, அதில் ஏதாவது ஒரு பெரிய நாவலை ஏற்றிப் பார்க்க வேண்டும், தாங்குகிறதா, திணறுகிறதா, அத்தியாயம் பிரிக்கிறதா என்று. என் ஏழு அத்தியாயம் கையில் இருந்தது. அதை ஏற்றப் போனவன் நிறுத்தினேன். புது மென்பொருள், ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, நான்கு வருஷ உழைப்பாயிற்றே என்று தோன்றியது. தோன்றியதும் இழுப்பறையைத் திறந்து குழந்தைவேலுவின் பென் டிரைவை எடுத்துச் செருகினேன். இதைத்தான் நான் மரகதத்திடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவிக்கிறேன். தவறுதலாக அழிந்தது என்றால் யாரும் மன்னிப்பார்கள், கை தவறுவது மனுஷனுக்கு இயல்பு. என்னுடைய எழுத்துக்கு ஆபத்து வரக்கூடாது என்று யோசித்து, அவனுடையதை எடுத்து விட்டுப் பார்த்தேன். ஆழம் பார்க்க அடுத்தவன் பிள்ளையை இறக்கினேன். பிரதி ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை, என் ஏழு அத்தியாயத்துக்கு நான்கு இடத்தில் பிரதி இருக்கிறது, ஒன்று ருக்மணியின் நகைப்பெட்டிக்குள்.

திறந்ததும் திரையில் தமிழ் இல்லை, குப்பையாக இங்கிலீஷ் எழுத்து. எனக்கு அது புதிதில்லை. அந்தக் காலத்து எழுத்துரு எல்லாம் அப்படித்தான், மேலே தெரிவதுதான் தமிழ், உள்ளே கிடப்பது இங்கிலீஷ் எழுத்து, எழுத்துருவைச் சட்டையாக மேலே போட்டுவிட்டால் எல்லாம் தமிழாகிவிடும், கழற்றினால் அம்மணம். சட்டையை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று மேலே போனேன். ஒரு சின்னப் பெட்டி வந்தது. இந்த ஆவணத்தில் பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பிழைகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் திருத்தவா என்று இங்கிலீஷில் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. குழந்தைவேலு எழுத்தில் இவ்வளவு பிழையா, கேட்டிருந்தால் குதித்திருப்பான் என்று நினைத்தேன், அந்தச் சிரிப்பில் கொஞ்சம் குஷியும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். எப்படித் திருத்துகிறது பார்ப்போம், இது இதனுடைய பெரிய வசதி என்றார்களே என்று, ஆம் என்பதை அழுத்தினேன். அது அவனுடைய ஒவ்வொரு சொல்லையும் தப்பான இங்கிலீஷ் சொல் என்று எடுத்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள சரியான இங்கிலீஷ் சொல்லாக்கியது, சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியது, தனக்குத் தேவையில்லாத குறிகளையெல்லாம் துடைத்தது, துடைத்ததைத் தானாகவே பென் டிரைவில் சேமித்தது. எனக்கு அது தெரியவில்லை. குப்பை முன்பும் குப்பை, பின்பும் குப்பை, என் கண்ணுக்கு என்ன வித்தியாசம். வேகத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டுவிட்டு மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்றைக்குச் சுரைக்காய்ப் பொரியல். மறுநாள் பழைய எழுத்துருவைத் தேடிப் பிடித்து மாட்டியபோதுதான், முதல் பக்கம், இரண்டாம் பக்கம், நூறாவது பக்கம், எங்கேயும் ஒரு வாக்கியம் முழுசாக இல்லை என்று தெரிந்தது. கோயம்புத்தூரில் கணினிக் கடை வைத்திருக்கிறவன் பார்த்துவிட்டு, “பழசு மேலயே புதுசு ஏறிப்போச்சுங்க, ஒண்ணும் பண்ண முடியாது” என்றான்.

பத்து முப்பத்தைந்து. பஸ் வந்திருக்கும். நடந்துகொண்டிருப்பாள். போன வாரம் போனில் சொன்னாள், “அண்ணா, நான் புஸ்தகம் படிக்கறவ இல்லீங்க. எனக்கு அதுல ஒண்ணே ஒண்ணு தெரியோணும், நேர்ல வந்து கேக்கறேன்.” என்ன என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். அவர்களுடைய ஒரே பெண் கோகிலவாணி பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயந்திரம் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள், வேறு சாதி, பதிவுக் கல்யாணம் முடிந்துவிட்டது. மரகதம் வெளியே வந்து, இந்த வாசலை மிதிக்காதே, உன் அம்மா செத்துட்டா என்றாள். குழந்தைவேலு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வரவில்லை. பெண் போய்விட்டாள், எங்கே என்று இன்றைக்குவரை தெரியாது, அப்பன் செத்ததற்கும் வரவில்லை, யார் சொல்லியிருப்பார்கள். அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் பேசிக்கொண்டது சோறு வெச்சிருக்குது, மாத்திரை தின்னாச்சா, கரண்ட் பில்லு வந்திருக்குது, அவ்வளவுதான். அவன் ஒருநாளும் உன்னால்தான் போனாள் என்று அவளைச் சொன்னதில்லை. சொல்லவில்லை, எழுதினான். கடைசி நாவல் அந்த வாசலைப் பற்றியது என்று மட்டும் என்னிடம் சொன்னான். மரகதம் கேட்கப்போவது இதுதான், அதில் யாரைக் குற்றம் சொல்லியிருக்கிறார் என்று. பதில் இந்தத் திரையில் எங்கோ இருந்தது, ‘வாசல்’ இருக்கிறது, ‘அவள்’ இருக்கிறது, அவளால் என்றா அவளை என்றா, அதற்கு மேல் இங்கிலீஷ்.

சொல்லிவிடலாம். சொன்னால் அவள் என்ன செய்வாள், அழுவாள், திட்டுவாள், ஊருக்குச் சொல்வாள், எழுத்தாளர் நாச்சிமுத்து என்று அடுத்த கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட மாட்டார்கள், இவ்வளவுதானே. பயமாக இருக்கிறது. இன்னொரு வழியும் மூன்று நாளாக மனசின் மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நானே எழுதிவிடலாம். அவன் நடை எனக்குத் தெரியும், முப்பத்தைந்து வருஷமாக அதைப் பார்த்துப் பொருமியவன் நான், அவன் எங்கே முற்றுப்புள்ளி வைப்பான் என்று எனக்குத் தெரிந்த அளவு அவனுக்கே தெரியாது. யார் கண்டுபிடிப்பார்கள். என் நாவலுக்கு எட்டாவது அத்தியாயம் வராது, அவன் நாவலுக்கு வரும். நினைக்கவே உடம்பு கூசுகிறது, கூசிக்கொண்டே முதல் வரி என்னவாக இருக்கும் என்று யோசிக்கிறது. சீ. வெளியே கேட் சத்தம். ருக்மணி, “வா அம்மிணி, வெயில்ல நடந்தா வந்தே?” என்கிறாள். பதினொன்றுக்கு ஏழு நிமிடம் இருக்கிறது.

மரகதம் மூன்று மாதத்தில் ஒடுங்கிப்போயிருந்தாள். நெற்றி வெறுமையாக, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி என் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். உப்புமா வேண்டாம், தண்ணி போதும் என்றாள். ருக்மணி உள்ளே போகும்வரை காத்திருந்தாள். “நீங்க படிச்சீங்கன்னு அவரு சொன்னாருங்க,” என்றாள். தலையாட்டினேன். “அந்தப் புள்ள வீட்ட உட்டுப் போறது அதுல வருதுங்ளா?” வருகிறது என்றேன். “யாரச் சொல்லியிருக்காருங்க?” இதோ இங்கே சொல்ல வேண்டும், வாயைத் திறந்தால் போதும், திறந்தேன். “தன்னைத்தான் அம்மிணி. உன்னை ஒரு வார்த்தை சொல்லல.” அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன், சத்தியமாக அதற்குத்தான். அவள் முகத்தில் ஆறுதல் வரவில்லை. “தெரிஞ்சிருந்தா பேசியிருப்பனுங்க,” என்றாள். “என்னையத்தான் மனசுல வெச்சுக்கிட்டு முறைக்கறாருன்னு நானும் வீம்பா இருந்துட்டேன். ஆசுபத்திரில ஒருநாள் கைய நீட்டுனாரு. தண்ணி வேணுமான்னு கேட்டு டம்ளரக் கையில குடுத்துட்டு வந்துட்டனுங்க.” இல்லை அம்மிணி, நான் சும்மா சொன்னேன் என்று சொல்லலாம், அப்படியானால் உன்னைத்தான் சொல்லியிருக்கிறான் என்று ஆகிவிடும், அதுவும் எனக்குத் தெரியாதே. அவள் கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அந்தத் திரையைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். “அந்த எடத்த மட்டும் வாசிங்கண்ணா.”

கணினியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் திருப்பினேன். திரையில் பாழாய்ப்போன எழுத்துகள். வாசித்தேன். “அவளைப் போகச் சொன்னது என் மனைவியின் வாய். போகாதே என்று சொல்ல எனக்கும் ஒரு வாய் இருந்தது. அதைப் பன்னிரண்டு வருஷமும் சோறு தின்ன மட்டும் வைத்துக்கொண்டேன்.” தானாக வந்தது. பேனா இல்லை, தாள் இல்லை, நான்கு வருஷமாக எந்தக் கருவிக்கும் வராதது தண்ணீராக வந்தது, மேலே மேலே வந்தது, அந்தச் சாயந்திரம், செருப்பைக் கழற்றாமல் நின்ற பெண், உள்ளே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழ நினைத்து எழாதவன். நன்றாக இருக்கிறதே என்று எனக்குள் ஒருவன் சந்தோஷப்பட்டான், அவனை அப்போதே கொன்றிருக்க வேண்டும். மரகதம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். நிறுத்தினேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மொதல்ல இருந்து இன்னொருக்கா வாசிங்க, மனசுல வெச்சுக்கறேன்,” என்றாள்.

திரையைப் பார்த்தேன். நான் சொன்னது அதில் இல்லை. மனசிலும் இல்லை, சொன்ன வேகத்தில் போய்விட்டது, எங்கே ஆரம்பித்தேன், வாய் என்றா, நாக்கு என்றா. “அவளை விரட்டியது என் மனைவியின் நாக்கு,” என்று ஆரம்பித்தேன், “தடுக்க எனக்கும் ஒரு நாக்கு இருந்தது, அதை நான்...” அதற்கு மேல் வரவில்லை. எழுத்துகளைக் கண்ணால் தடவிக்கொண்டே போனேன், வாசிக்கிறவன் தடவுகிற மாதிரி. மரகதம் கண்ணாடியைக் கழற்றினாள். “மொதல்ல சோறுன்னு வந்துச்சுங்ளே,” என்றாள். நான் பக்கத்தை மேலே நகர்த்தினேன். “வெரட்டுனதுன்னு மொதல்ல வரலீங்க,” என்றாள், மெதுவாகத்தான். எழுந்து மேஜையைச் சுற்றி வந்து திரையைப் பார்த்தாள். எட்டாவதுவரை படித்தவள், அது தமிழ் இல்லை என்பது தெரிய அவ்வளவு படிப்புகூட வேண்டாம்.

“நான் படிக்கவே இல்லை அம்மிணி,” என்றேன். “ஒரு பக்கம்கூட. இப்ப படிக்கவும் முடியாது, என் கையால கெடுத்துட்டேன். என்னோடது கெட்டுப்போகக் கூடாதுன்னு அவனோடத வெச்சுப் பரிசோதனை பண்ணினேன்.” எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டி கேட்டதையும் நான் சிரித்ததையும்கூட. பதினாறு நாள் வராத வார்த்தைகள் இரண்டு நிமிடத்தில் வந்து தீர்ந்தன. அவள் திட்டவில்லை. ருக்மணி உப்புமாத் தட்டோடு கதவோரம் நின்றிருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியாது. மரகதம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள், கதவுவரை போய் நின்றாள்.

“அப்ப அவருகிட்ட நல்லா இருக்குதுன்னு சொன்னது?”

“படிக்காமத்தான் சொன்னேன்.”

அவள் தலையை அசைத்துக்கொண்டாள். “நீங்க போனதுக்கப்புறம் எழுந்து உக்காந்து ரெண்டு இட்லி சாப்புட்டாருங்க,” என்றாள். “அந்த மாசத்துல அன்னைக்கு ஒருநாள்தான்.”